மூடிப்போன சொகுசு கார் கம்பெனியை வாங்கும் முன்

கேள்வி: 1970களில் மூடப்பட்ட ஒரு சின்ன சொகுசு கார் கம்பெனியின் பெயர், சின்னம், கொஞ்சம் வரைபடங்கள், சில அச்சுகள் எல்லாம் சேர்ந்து விலைக்கு வருகின்றன. அந்தக் கம்பெனி தன் ஆயுளில் செய்ததே சில நூறு கார்கள்தான். வைத்திருப்பவர்கள் அவற்றை இன்றும் உயிராய்ப் போற்றுகிறார்கள். நாங்கள் மூன்று பேர் கூட்டாக வாங்கி, அதே பெயரில் புது கார் கொண்டுவர நினைக்கிறோம். எலெக்ட்ரிக் காராகவே செய்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. எங்கே தொடங்குவது? எதில் ஏமாற வாய்ப்பிருக்கிறது?

பதில்: விற்பவர் உங்களிடம் எதை விற்கிறார் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியையா, பெயரையா, பெயரின் ஒரு பகுதியையா? சின்னக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் இதில் மலைபோன்ற கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன. 1998-ல் விக்கர்ஸ் நிறுவனம் தன் ரோல்ஸ்-ராய்ஸ் கார் பிரிவை விற்றபோது, ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண்டு கொடுத்து எடுத்தது. இங்கிலாந்தின் க்ரூ நகரத் தொழிற்சாலை வந்தது, பென்ட்லி வந்தது, பானட் மேல் நிற்கும் அந்தப் பெண் சிலையும் முன்பக்கக் கிரில்லின் வடிவமும்கூட வந்தன. 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் வரவில்லை. அது விமான இன்ஜின் செய்யும் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை 40 மில்லியன் பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு இரண்டு ஜெர்மன் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி, 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் பிஎம்டபிள்யூவுக்கு, பென்ட்லி ஃபோக்ஸ்வாகனுக்கு என்று பிரித்துக்கொண்டன. அத்தனை வக்கீல்கள் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

சின்ன கம்பெனி திவாலானால் நிலைமை இன்னும் சிக்கல். பெயர் ஒருவரிடம் போகும், மிச்ச ஸ்பேர் பார்ட்ஸ் இன்னொருவரிடம், வரைபடங்கள் பழைய ஊழியர் வீட்டுப் பரணில், பொம்மைக் கார் செய்யும் உரிமை வேறு எங்கோ. டிரேட்மார்க் வகுப்பு வாரியாகப் பதிவாகும் விஷயம்: வாகனங்களுக்கு 12, பழுதுபார்ப்புக்கு 37, உடைகளுக்கு 25, பொம்மைகளுக்கு 28. உங்களுக்கு 25-ஆம் வகுப்பை மட்டும் கொடுத்தால் டி-ஷர்ட் அடிக்கலாம், கார் விற்க முடியாது. எந்தெந்த நாட்டில் பதிவு உயிரோடு இருக்கிறது என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பதிவு இருந்தாலே போதாது, பெயர் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாத டிரேட்மார்க்கை ரத்து செய்யச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அமெரிக்காவில் தொடர்ந்து 3 ஆண்டு பயன்படுத்தாமல் விட்டாலே அதைக் கைவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உரிமையாளர் பாடு. அரை நூற்றாண்டாகக் கார் செய்யாத கம்பெனியின் பதிவை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அப்படியானால் காசு கொடுக்காமல் நாமே பதிவு செய்துகொள்ளலாமே என்று உங்கள் மூவரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவசரப்பட வேண்டாம். அந்தப் பெயரை இத்தனை வருடமும் யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 2020-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஃபெராரியின் 'டெஸ்டரோஸா' பெயர் பற்றிய வழக்கில் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. அந்தக் காரின் தயாரிப்பு நின்று வெகு காலம் ஆகியிருந்தாலும், உரிமையாளர் அந்தப் பெயரில் உதிரி பாகங்களும் சேவையும் கொடுத்துவந்தால் அதுவும் உண்மையான பயன்பாடாகலாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக, ஒரு கார் பெயரைச் சட்டத்தின் முன் உயிரோடு வைத்திருப்பது கதவு ரப்பரும் பிரேக் குழாயும் விற்கும் ஒரு சின்னக் கடையாகக்கூட இருக்கலாம்.

நீங்கள் தேட வேண்டிய ஆளும் அந்தக் கடைக்காரர்தான். பெயரை விற்பவரைவிட அவர் முக்கியம். மிஞ்சியிருக்கும் கார்களில் எது எந்தக் கொட்டகையில் நிற்கிறது, எந்த சேஸிஸ் எண் போலி, எந்தப் பாகம் எப்போதும் முதலில் உடையும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. உங்கள் முதல் வாடிக்கையாளர் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் ஆல்விஸ். கவென்ட்ரியில் தொடங்கிய அந்தக் கம்பெனி 1967-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் சர்வீஸ், உதிரி பாகப் பிரிவு மட்டும் பழைய பதிவேடுகளோடும் வரைபடங்களோடும் கென்னில்வொர்த்துக்கு இடம் மாறி, ரெட் ட்ரையாங்கிள் என்ற பெயரில் ஓடிக்கொண்டே இருந்தது. பல பத்தாண்டுகள் பழைய கார்களைப் பழுதுபார்த்தே காலம் தள்ளிவிட்டு, அப்புறம்தான் போருக்கு முந்தைய 4.3 லிட்டர் காரைப் பழைய வரைபடங்களின்படியே மறுபடி கட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஆரவாரம் இல்லாத வேலை. ஆனால் இந்தத் துறையில் நிலைத்து நின்றவர்களில் அநேகர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

வரைபடங்களும் அச்சுகளும் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். சில நூறு கார் செய்த கம்பெனியில் பாடி தகடுகளைக் கையால் தட்டி வளைத்து, ஒவ்வொரு காரிலும் பொருத்திப் பார்த்துச் சரிசெய்திருப்பார்கள். ஒரு காரின் கதவைக் கழற்றி இன்னொரு காரில் மாட்டினால் கீல் பக்கம் சரியாக உட்காரும், பூட்டுப் பக்கம் விரல் அளவு தள்ளி நிற்கும். வரைபடத்தில் ஒரு அளவு இருக்கும், பட்டறை மேஸ்திரி பென்சிலால் திருத்திய அளவு வேறாக இருக்கும், வெளியே போன காரில் இருப்பது மூன்றாவது அளவு. அதனால் பேரம் பேசும் முன்பே, ஓடுகிற நிலையில் உள்ள கார் ஒன்றின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய் நேரில் அளந்து பாருங்கள். முன்கண்ணாடி அச்சு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அது தொலைந்திருந்தால் புது அச்சுக்கும் சோதனைக்கும் ஆகும் செலவைச் சில பத்து கண்ணாடிகளின் தலையில்தான் ஏற்ற முடியும்.

விளக்கு, கைப்பிடி, சுவிட்ச் மாதிரியானவை பெரும்பாலும் வேறு கம்பெனிக் கார்களில் இருந்து எடுத்தவையாக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-ன் பின்விளக்கே மாஸ்டா 323-ல் இருந்து வந்ததுதான்.

சரி, புது காருக்கு வருவோம். இன்ஜினை நீங்களே செய்ய நினைத்தால் இந்தப் பதிலை இதோடு மூடிவிடலாம். பிரான்ஸின் ஃபாசெல் வேகா, அமெரிக்க கிரைஸ்லர் வி8 இன்ஜினை வைத்து அழகான பெரிய கார்கள் செய்து பெயர் வாங்கிய கம்பெனி. பிறகு ஃபாசெலியா என்ற சிறிய காருக்குப் பிரெஞ்சு இன்ஜினே வேண்டும் என்று புதிதாக ஒன்றைச் செய்வித்தார்கள். அது அடிக்கடி பழுதாகி, வாரன்டி செலவு ஏறி, 1964-ல் கம்பெனியே மூடப்பட்டது. மாறாக, நெதர்லாந்தின் சின்ன கார் கம்பெனியான ஸ்பைக்கர் ஆடியின் வி8-ஐ வாங்கிக்கொண்டது, இத்தாலியின் பகானி இன்றும் மெர்சிடஸின் ஏஎம்ஜி பிரிவு செய்யும் வி12-ஐத்தான் வைக்கிறது. ஆனால் வாங்கும் இன்ஜினிலும் சூட்சுமம் உண்டு. இன்றைய இன்ஜின் தனியாக வராது. கன்ட்ரோல் யூனிட், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், சாவி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சப்ளை ஒப்பந்தத்தில் எத்தனை இன்ஜின், எத்தனை வருடம், மென்பொருள் உதவி யார் தருவது, அந்த இன்ஜின் தயாரிப்பே நின்றுவிட்டால் என்ன என்று நான்கும் எழுதியிருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் என்றால் இந்தத் தலைவலியில் பாதி குறையும், உண்மை. மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பேட்டரி கனம். அந்தக் கனத்துக்கு ஏற்ப சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக், மோதல் சோதனை எல்லாமே புதிது. அதைவிட, பழைய கார்க்காரர்கள் வருவார்களா என்பது என் சந்தேகம். அவர்கள் அந்தப் பெயரை நேசிப்பதே அந்த இன்ஜின் சத்தத்துக்காக இருக்கலாம். இரண்டாவது காராக எலெக்ட்ரிக் கொண்டுவாருங்கள் என்பேன், முதல் காராக வேண்டாம்.

அரசு அனுமதி பலரும் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வகைக் காருக்கு ஆண்டுக்கு 1,500 வரை சிறுதொகுதி அனுமதி உண்டு. சோதனைகளில் சில தளர்வுகள் கிடைக்கும். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், குறைந்தது 25 ஆண்டு பழைய காரின் தோற்றத்தில் ஒரு சின்ன கம்பெனி ஆண்டுக்கு 325 கார் வரை கட்ட வழி செய்தது. அந்தக் கார் முழு வாகன மோதல் விதிகளுக்கு உட்பட வேண்டியதில்லை. ஆனால் இன்ஜின் புகை விதிகளுக்கு உட்பட வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: மூல வடிவத்தின் உரிமை அல்லது லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் காகிதத்துக்கு உண்மையான மதிப்பு வருவது இங்கேதான்.

பணத்தைப் பற்றி. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். செத்த கார் கம்பெனியின் பெயருக்கு அந்த மாதிரி மதிப்பு இருப்பதாக விற்பவர் பேசுவார். இத்தாலியின் டி டொமாசோ பெயர் 2015-ல் கைமாறியது சுமார் 10 லட்சம் யூரோவுக்கு. பான்டேரா என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த கம்பெனியின் பெயருக்கே அவ்வளவுதான். வாங்கியவர்கள் பி72 காரை 2019-ல் காட்டினார்கள். அது விற்பனைக்கான இறுதி வடிவத்தை எட்ட அதற்குப் பின்னும் வருடக்கணக்கானது. செலவு பெயரில் இல்லை, அந்த வருடங்களில் இருக்கிறது. பெரிய முதலாளி பின்னால் இருந்தாலும் கதை மாறிவிடாது. மெர்சிடஸின் தாய்க் கம்பெனியான டைம்லர் 2002-ல் மேபாக் என்ற பழைய சொகுசு கார் பெயரைத் தனி பிராண்டாகக் கொண்டுவந்து, பத்தாண்டில் சுமார் 3,000 கார் விற்று, 2012-ல் நிறுத்தியது. பிறகு அந்தப் பெயரை மெர்சிடஸின் எஸ் கிளாஸ் மேல் ஒட்டியபோதுதான் அது பிழைத்தது.

மறுபடி பிறந்த கம்பெனிகள் மறுபடி சாவதற்கு ஒரு காரணம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: அகலக்கால். இத்தாலியத் தொழிலதிபர் ரோமானோ ஆர்டியோலி 1987-ல் புகாட்டி பெயரை வாங்கி, மொடேனா அருகே கம்போகலியானோவில் கண்ணைப் பறிக்கும் தொழிற்சாலை கட்டி, 1991-ல் ஈபி110-ஐக் கொண்டுவந்தார். காரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1993-ல் பிரிட்டனின் லோட்டஸ் கார் கம்பெனியையும் சேர்த்து வாங்கினார். 1995-ல் புகாட்டி திவால். ஸ்பைக்கர் 2010-ல் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஸ்வீடன் கார் கம்பெனியான சாபை வாங்கியது. 2011 முடிவதற்குள் சாப் திவாலானது, 2014-ல் ஸ்பைக்கரும். உங்களுக்கு வாடகைப் பட்டறை போதும். ஷோரூம் வேண்டவே வேண்டாம்.

முன்பணம் வாங்கிக் கார் செய்யும் யோசனை வந்தால், அந்தப் பணத்தைத் தனி டிரஸ்ட் கணக்கில் வையுங்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதாக வாடிக்கையாளர் நினைத்துவிட்டால் சில நூறு பேர் கொண்ட இந்தச் சின்ன உலகத்தில் உங்கள் பெயர் அன்றோடு போயிற்று. பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான டிவிஆர் 2017-ல் க்ரிஃபித் என்ற புது காரைக் காட்டி முன்பதிவு தொடங்கியது, வேல்ஸ் அரசே பங்கு எடுத்தது. ஆனாலும் வருடங்கள் ஓடினவே தவிர தயாரிப்பு தொடங்கவில்லை.

ஒப்பந்த வடிவத்தைப் பொறுத்தவரை, பழைய கம்பெனியின் பங்குகளை வாங்காதீர்கள். சொத்துகளை மட்டும் பட்டியல் போட்டு வாங்குங்கள். பங்கு வாங்கினால் பழைய கடன், ஓய்வூதியப் பாக்கி, வழக்கு எல்லாம் கூடவே வரும்.

இப்போதைக்கு விற்பவரிடம் முழு விலை பேச வேண்டாம். ஒரு சிறு தொகை கொடுத்து, ஆறு மாதம் வேறு யாருக்கும் விற்கமாட்டேன், நாங்கள் விரும்பினால் இந்த விலைக்குத் தருவேன் என்று எழுதி வாங்குங்கள். அந்த ஆறு மாதத்தில் டிரேட்மார்க் வக்கீல் நாடு வாரியாகத் தேடட்டும். நீங்கள் மூவரும் கார் உரிமையாளர் சங்கத்தையும் அந்த ஸ்பேர் பார்ட்ஸ்காரரையும் போய்ப் பாருங்கள். அவர் கடையை விற்கவோ கூட்டுச் சேரவோ சம்மதித்தால், பெயருக்குக் கேட்ட விலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வாங்கலாம். அவர் முடியாது என்றால், கேட்ட விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரைத் தானே பல வருடமாகப் பயன்படுத்தி வருவதாக அவர் ரசீது எடுத்துக் காட்டினால் பேச்சை அன்றே நிறுத்திவிட்டு, கொடுத்த சிறு தொகை போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.