தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர்க் குழாய் நிரந்தரமாக இருக்க வேண்டுமா?

தம்பிக்குத் தண்டுவடம் அடிபட்டு மூன்று மாதம் ஆகிறது, குழாயை எடுக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கைகள் நன்றாக வேலை செய்தால், பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

அவரே 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயிட்டுச் சிறுநீரை வடித்துக்கொள்வதுதான் முதல் தேர்வு. சோப்புப் போட்டுக் கை கழுவி, குழாயில் ஜெல் தடவி, சிறுநீர் வரும்வரை மெதுவாகச் செலுத்த வேண்டும். சொட்டு நின்றபின் உருவிவிடலாம். இப்படிச் சுத்தமான கையே போதும் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் எழுதினார். சிறுநீர் தேங்கிச் சிறுநீர்ப்பை விரிவதுதான் பெரிய ஆபத்து என்பது அவர் வாதம். அளவுக் குவளையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள்.

இடையில் கசிந்தால் ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் பையின் இறுக்கத்தைத் தளர்த்தும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். அது பலிக்காவிட்டால் பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. பலன் சில மாதங்கள்தான், திரும்பப் போட வேண்டும். விரல்கள் இயங்காதவர்களுக்கு அடிவயிற்றில் துளையிட்டு வைக்கும் குழாய் வசதி.

அடிவயிற்றை அழுத்தி வெளியேற்றுவதை நான் ஏற்பதில்லை. அழுத்தம் சிறுநீரகத்துக்கு ஏறலாம். எதையும் முடிவு செய்யுமுன் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையைக் கேளுங்கள்.

காயம் மார்பின் 6-ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால், திடீர்த் தலைவலியும் வியர்வையும் அவசரநிலை; பை நிரம்பி இரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். தணியாவிட்டால் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.