கோதுமைத் தவிட்டிலிருந்து அமைலேஸ் நொதியை எப்படித் தயாரிக்கிறார்கள்?

நொதி தவிட்டிலிருந்து வருவதில்லை. தவிட்டைத் தின்னும் பூஞ்சையே அதைச் சுரக்கிறது. மாவுச்சத்தின் மூலக்கூறு பெரியது என்பதால், அதை அப்படியே உள்ளிழுக்க இயலாத பூஞ்சை, அமைலேஸை வெளியே விட்டுச் சர்க்கரையாக உடைத்த பின்னரே உறிஞ்சிக்கொள்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையும் இதுவே: தவிட்டில் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்து நொதியைப் பிரித்தெடுப்பது.

தவிட்டை ஏறத்தாழ பாதி எடை நீராக இருக்குமாறு நனைத்து, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கி, ஆறியபின் பூஞ்சையின் வித்துகளை (அது பரவ உதவும் நுண்துகள்கள்) தூவி, 30 டிகிரி அளவில் சில நாட்கள் வைப்பார்கள். நனைத்த தவிடு கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. முதலில் வெண்ணிழைகள் தவிட்டைக் கட்டியாகப் பிணைக்கும். பிறகு மஞ்சள் கலந்த பச்சை வித்துகள் தோன்றும்.

உண்மையான சிக்கல் வெப்பம். வளரும் பூஞ்சை தானே சூடு உண்டாக்குகிறது. தவிடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே ஆய்வகக் குடுவையில் நன்றாக நடந்தது, அடுக்கு தடித்தவுடன் நடுவில் வெந்துபோகும். தட்டுகளில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் பரப்புவது இதனால்தான். விளைச்சலைக் கூட்ட எண்ணிக் குளுக்கோஸைத் தாராளமாகச் சேர்ப்பதும் வீண்: தயார்ச் சர்க்கரை கிடைத்தால் பூஞ்சை நொதி சுரப்பதைக் குறைத்துவிடும்.

இறுதியில் தாங்கல் கரைசலில் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத நீர்மம்) ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டி, மீநுண் வடிகட்டலால் (நொதியைத் தடுத்து நீரை மட்டும் விடும் மிக நுண்ணிய சவ்வு) செறிவூட்டுவார்கள். துணிகளில் கஞ்சி நீக்குவதற்கு மிகத் தூய நொதி தேவையில்லை.