ஆபரேஷன் மேஜையில் கால் அசைகிறதா?

அன்புள்ள டாக்டர்,

என் மகளுக்கு 14 வயது. ஸ்கோலியோசிஸ். வளைந்த முதுகுத்தண்டை ஸ்க்ரூ, ராடு வைத்து நிமிர்த்த வேண்டும் என்கிறார்கள். செலவு மதிப்பீட்டில் 'நியூரோ மானிட்டரிங்' என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. அது அவசியமா? அது இருந்தால் கால் விளங்காமல் போகாது என்று நம்பலாமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை.

முதுகை நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் தண்டுவடமும் இழுபடலாம், அதற்கான ரத்த ஓட்டம் குறையலாம். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையால் 'கால் மரத்துப்போகிறது' என்று சொல்ல முடியாது. அதனால் முன்பெல்லாம் பாதி ஆபரேஷனில் எழுப்பியே பார்த்தார்கள். பிரான்சில் ஸ்டாக்னாராவும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட முறை அது. மயக்கத்தைக் குறைத்து, முதலில் கையை மூடச் சொல்வார்கள். கை மூடினால் சொன்னது காதில் விழுகிறது என்று அர்த்தம். பிறகு பாதத்தை அசைக்கச் சொல்வார்கள். கை அசைந்து பாதம் அசையாவிட்டால் ஆபத்து. நல்ல சோதனைதான், ஆனால் அந்த நிமிட நிலையை மட்டுமே சொல்லும். அடுத்த ஸ்க்ரூவுக்கு மறுபடி எழுப்ப முடியுமா?

இப்போது அதற்குப் பதிலாகத்தான் நியூரோ மானிட்டரிங். கணுக்கால் நரம்பில் லேசான மின்தூண்டல் கொடுத்து, அது மூளைக்கு வந்துசேர்கிறதா என்று தலையில் பொருத்திய மின்முனைகளில் பார்க்கிறார்கள். இது எஸ்எஸ்இபி. இதில் ஒரு ஓட்டை உண்டு. இது தண்டுவடத்தின் பின்பக்கமாகப் போகும் உணர்வுப் பாதையைத்தான் சோதிக்கிறது. கால் அசைவுக்கான பாதை வேறு இடத்தில் ஓடுகிறது, அதற்கு ரத்தம் வரும் வழியும் பெரும்பாலும் வேறு. எஸ்எஸ்இபி நன்றாக இருந்தும் கால் செயலிழந்து விழித்தவர்கள் உண்டு. அதனால்தான் எம்இபி: தலையில் தூண்டி, கால் தசை துடிக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் செய்வார்களா என்று கேளுங்கள்.

எம்இபி வந்தபின் மயக்க மருந்து கொடுக்கும் எங்கள் பாடு கூடிப்போனது. மயக்க வாயு அதிகமானால் துடிப்பு அமுங்கிவிடும், தசையைத் தளர்த்தும் மருந்து நீடித்தால் துடிப்பே வராது. ஆகவே பெரும்பாலும் ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே ஓடவிட்டுச் சமாளிக்கிறோம்.

எஸ்எஸ்இபி அலையின் உயரம் பாதியாகக் குறைந்தால் எச்சரிக்கை மணி. உடனே தண்டுவடம் போச்சு என்று அர்த்தமில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், உடம்பு குளிர்ந்திருக்கலாம், ஏன், ஒயர் கழன்றிருக்கலாம். இவற்றைச் சரிபார்த்து, அழுத்தத்தை ஏற்றி, தேவைப்பட்டால் சர்ஜன் கடைசியாக நிமிர்த்திய அளவைத் தளர்த்துவார். அப்போதும் அலை பழையபடி திரும்பாவிட்டால் ராடையே எடுக்க வேண்டிவரும். பழைய எழுப்பும் சோதனையும் இன்னும் கையிருப்பில் இருக்கிறது.

ஆக, மானிட்டர் எதையும் தடுப்பதில்லை. திருத்திக்கொள்ள அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம் கழித்து வரும் பாதிப்பு அதில் தெரியாது. 1995-இல் 51,263 முதுகு ஆபரேஷன்களைத் தொகுத்த ஒரு ஆய்வில், எஸ்எஸ்இபி பார்ப்பதில் அனுபவமுள்ள குழுக்களிடம் நரம்புப் பாதிப்பு, அனுபவம் குறைந்தவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. எனவே எந்தக் கம்பெனி மெஷின் என்று விசாரிப்பதை விட, ஆபரேஷன் முழுக்க அதன்முன் யார் உட்கார்ந்திருப்பார், அவருக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று கேளுங்கள்.

அப்புறம், மகளுக்கு வலிப்பு வந்ததுண்டா, காதில் காக்ளியர் கருவி ஏதும் வைத்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்இபி தூண்டலில் தாடை சட்டென்று இறுகும். நாக்கு கடிபடாமல் பற்களுக்கு நடுவே துணிச்சுருள் வைப்போம். ஆடுகிற பல் இருந்தால் அதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.