ஏற்காடு இறக்கத்தில் கீச்சிடும் பிரேக்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது முன்சக்கரம் கீச்சிடுகிறது, கம்பெனி சர்வீஸ் மையத்துக்குப் போவதா, தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் கீச்சிட்டு, நாலைந்து முறை மிதித்ததும் நின்றுவிட்டால், அது டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில், படிந்த மேல்துரு. கவலை வேண்டாம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வந்தால், அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசி எச்சரிக்கும். இரும்பு அரைபடும் ஒலி கேட்டால், தயவுசெய்து அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்காதீர்கள்.

வாரண்டி இருந்தால் சர்வீஸ் மையம்தான். முடிந்துவிட்டதென்றால் நல்ல மெக்கானிக்கே போதும் என்பது என் கருத்து. ஆனால் அவர் சக்கரத்தைக் கழற்றி, பேட்டை உங்கள் கண்முன் காட்ட வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், இருபுறமும் சேர்த்தே. பேட்டைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் பின்களைத் துடைத்து கிரீஸ் வைக்கிறாரா என்றும் பாருங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது, சத்தம் திரும்பி வருவதற்கு இதை விடுவதும் ஒரு காரணம். உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தால் போதும் என்பவரிடம் விடாதீர்கள். எனக்கு அப்படிச் செய்து கொடுத்தார்கள்; மூன்றே வாரத்தில் பழைய ஒலி வந்துவிட்டது.

புதுப் பேட் போட்டதும் மலையேற வேண்டாம். சில நாள் ஊருக்குள் ஓட்டிப் பழக்குங்கள். பிறகு இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல், இரண்டாம் கியரில் வாருங்கள்.