அவசர சிகிச்சையில் ஸ்கேன்: கேள்வி பதில்

நான் ரேடியாலஜிஸ்ட். கேஷுவாலிட்டிக்கு அடுத்த கதவுதான் என் ஸ்கேன் அறை. ராத்திரி ட்யூட்டியே அதிகம். அவசர சிகிச்சையில் எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சொந்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லக் கேட்டவர்கள் மன்னிக்கவும். நோயாளியைப் பார்க்காமல் அதைச் சொல்வது சரியில்லை.

கேள்வி: டாக்டர், அப்பா காலை ஆறரைக்கு ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது வாய் கோணி, இடது கை துவண்டுவிட்டது. சி.டி. எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்றார்கள். அடுத்த நிமிடமே ‘ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்கள்’ என்றார்கள். நார்மல் என்றால் ஊசி எதற்கு? பயந்து அரை மணி நேரம் யோசித்துவிட்டோம்.

உங்கள் குழப்பத்தில் தப்பே இல்லை. இதை அந்த நேரத்தில் யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் அதே கோணல் வாய், அதே துவண்ட கை. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் வகைக்கு மருந்து, இரண்டாம் வகைக்கு எமன். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் சி.டி. ரத்தக்கசிவு இருந்தால் உடனே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பால் பாதிக்கப்பட்ட இடமோ படத்தில் தெளிவாகக் கறுக்கப் பல மணி நேரம் ஆகும். அப்பாவின் படத்தில் கசிவு இல்லை, அதனால் ஊசி போடலாம் என்பதுதான் அந்த ‘நார்மல்’.

கையெழுத்து கேட்டதற்கும் காரணம் உண்டு. இந்த ஊசியை நிலைநாட்டிய 1995 அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் 100-க்கு சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. அப்படியிருந்தும் மொத்தத்தில் ஊனமில்லாமல் மீண்டவர்கள் ஊசி போட்டவர்களிடையே தெளிவாக அதிகம். அப்போது அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்றிருந்த கெடு 2008-இல் நாலரை மணி நேரமானது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாக வயர் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015-இல் உறுதிப்பட்டது. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள், மூளையில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று காட்டின.

என் துறையில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். முன்பு படம் என்ன நோய் என்று சொல்லும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. இப்போது யாருக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதையும் படம்தான் சொல்கிறது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள்: நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

கேள்வி: நாலு வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்தான். அழுதுவிட்டு விளையாடப் போய்விட்டான். டாக்டர் ‘ஸ்கேன் வேண்டாம், நாலு மணி நேரம் இங்கேயே இருங்கள்’ என்றார். மனசு கேட்கவில்லை, வெளியே போய்ப் பணம் கட்டி சி.டி. எடுத்துவிட்டோம். தப்பா?

பெற்ற மனசு அப்படித்தான் தவிக்கும். ஆனால் அந்த டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, நடத்தையில் மாற்றம் இல்லை, காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கன்றிப்போகவில்லை, 5 அடிக்கு மேலிருந்து விழவில்லை, வண்டி விபத்து போன்ற பலத்த அடியும் இல்லை என்றால், மூளையில் சிகிச்சை தேவைப்படும் காயம் இருக்க வாய்ப்பு 2,000-இல் ஒன்றுக்கும் குறைவு. இந்தக் குழந்தைகளுக்குக் கண்காணிப்பே போதும்.

பெரியவர்கள் விஷயத்தில் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். பைக்கிலிருந்து விழுந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்து வருவதை எல்லாக் கேஷுவாலிட்டியும் பார்த்திருக்கும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். ஓர் அளவு தாண்டியதும் மூளையை அழுத்தும். நினைவு தப்பியவர், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர், 65 வயதைத் தாண்டியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், இவர்களுக்கெல்லாம் ஸ்கேன் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: ஒரு சி.டி. எடுத்தால் 300 எக்ஸ்ரே எடுத்த மாதிரி என்கிறார்களே?

2021 கொரோனா அலையின்போது அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் சொன்னது அது. இந்தியக் கதிரியக்கவியல் சங்கம் உடனே மறுத்தது; இன்றைய குறைந்த அளவு மார்பு சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேக்குச் சமம் என்றது. எந்தப் பகுதி, எந்த இயந்திரம், எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். தலைக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிற்றுக்கு 8 முதல் 10 என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 வந்துகொண்டுதான் இருக்கிறது. அவசியமான ஸ்கேனை இந்தப் பயத்தில் தவிர்க்காதீர்கள். அவசியமில்லாததை ஒரு தடவைகூட எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன் சார். லாரி மோதிய ஒருவரைக் கொண்டுவந்தோம், பி.பி. இறங்கிக்கொண்டே இருந்தது. சி.டி.க்கு அனுப்பாமல் வயிற்றில் ஏதோ தேய்த்துப் பார்த்துவிட்டு நேரே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் இல்லாமல் ஆபரேஷனா?

தம்பி, தேய்த்துப் பார்த்ததும் ஸ்கேன்தான். அதை ஃபாஸ்ட் என்போம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, வலது விலாவுக்குக் கீழே ஜெல் போட்டு அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்தால் ஈரலும் சிறுநீரகமும் ஒட்டினாற்போலத் தெரியும். நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு மட்டும் இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தால், அடிபட்டு பி.பி. இறங்கும் ஆளுக்கு அது அநேகமாக ரத்தம். பிறகு இடப்பக்கம் மண்ணீரல், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி. கை பழகியவருக்கு இரண்டு மூன்று நிமிட வேலை.

சி.டி. அறை நல்ல இடம், ஆனால் நிலைகுலைந்த நோயாளிக்கு ஆபத்தான இடம். மேஜை உள்ளே போனபின் ரத்தம் ஏற்றவோ குழாய் போடவோ கைக்கு எட்டாது. கறுப்புப் பட்டை தெரிந்து, பி.பி.யும் எழும்பாவிட்டால் எந்த உறுப்பு கிழிந்தது என்பதை வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டர்கள் செய்தது அதைத்தான். ஆனால் ஃபாஸ்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காயமே இல்லை என்று ஆகாது. ரத்தம் சுமார் 200 மில்லிக்கு மேல் சேர்ந்தால்தான் கண்ணில் படும். பி.பி. நிலையாக இருப்பவருக்கு சி.டி. எடுத்தே தீர வேண்டும்.

கேள்வி: சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டராக இருக்கிறேன். புரோபைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், ஆனால் கேஷுவாலிட்டியில் மெஷின் வைக்கவே தயங்குகிறார்கள். சட்டம் என்கிறார்கள்.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவாக வேண்டும். எந்த இடத்தில் இருக்கலாம், யார் கையாளலாம் என்பதற்கும் வரையறை உண்டு. ஏட்டில் சின்னக் குறை இருந்தாலும் மெஷினுக்கு சீல் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நிர்வாகங்கள் ஒதுங்குகின்றன.

இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1992-இல் சேலத்தில், பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுச்செல்லுங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. பெண் சிசுக்களைக் கொன்றவர்கள் ஸ்கேன் வந்தபின் கருவிலேயே பார்த்துக் கலைத்தார்கள். ஆனால் லாரியில் அடிபட்டவரின் வயிற்றில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே மெஷின்தான். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கென்று தெளிவான பயிற்சியும் பதிவு வழியும் தரலாம் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் ஆஸ்பத்திரியின் பதிவில் கேஷுவாலிட்டியையும் உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்பது. பதிவு இல்லாமல் மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: குழந்தை காசு முழுங்கிவிட்டது. ‘தானா வெளியே வந்துடும்’ என்று மாமியார் சொல்கிறார். எக்ஸ்ரே தேவையா?

தேவை, இப்போதே. காசு என்று நாம் நினைப்பது பட்டன் பேட்டரியாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகத் தெரியும்; பேட்டரியின் ஓரத்தில் உள்ளே இன்னொரு வளையம் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்கத் தொடங்கிவிடும். காசுதான், அதுவும் இரைப்பைக்குள் இறங்கிவிட்டது என்றால் உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கேள்வி: கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே, சி.டி. எடுக்கலாமா?

உயிர்க்கேள்வி என்றால் எடுக்கலாம். தலை, மார்பு ஸ்கேன்களில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. வயிற்று வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், போதாவிட்டால் எம்.ஆர்.ஐ. கர்ப்பம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். அந்தக் காலத்தில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தே அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிடுவார். இப்போது எதற்கெடுத்தாலும் ஸ்கேன். கைத்திறன் போய்விட்டதா?

ஐயா, அந்தக் கைகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அன்று அப்பெண்டிக்ஸ் என்று வெட்டியெடுத்ததில் ஐந்தில் ஒன்று நல்ல குடல்வாலாக இருப்பது சகஜம் என்றே அறுவை சிகிச்சை நூல்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. ஸ்கேன் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. மண்டைக்குள் இருக்கும் மூளையை அன்று நேராகப் படத்தில் பார்க்க வழி கிடையாது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சி.டி. இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அன்று ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் ஆனது. இன்று தலை முதல் இடுப்பு வரை எடுக்கச் சில நொடிகள்.

உங்கள் வருத்தத்தில் உண்மையும் இருக்கிறது. ‘வயிற்று வலி, ஸ்கேன் செய்யவும்’ என்று மட்டும் எழுதிய சீட்டு எனக்கு நிறைய வருகிறது. எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, எதைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று தொட்டுப் பார்த்து எழுதியிருந்தால் என் கண் சரியான இடத்துக்கு முதலிலேயே போகும்.

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டதே, ரேடியாலஜிஸ்ட் வேலை போய்விடுமா?

என்னைப் பொறுத்தவரை அது இப்போது வரிசையை மாற்றித் தரும் உதவியாளர். ராத்திரி இரண்டு மணிக்குப் பத்து ஸ்கேன் காத்திருக்கும்போது, எட்டாவதில் ரத்தக்கசிவு இருக்கலாம் என்று அதை மேலே தூக்கிவைக்கும். மும்பையின் க்யூர் நிறுவனம் தலை சி.டி.யில் இதைச் செய்யும் மென்பொருள் பற்றி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. ரேடியாலஜிஸ்ட்டே இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் சாதாரண சுண்ணாம்புப் படிவை ரத்தம் என்று தவறாக எச்சரிப்பதும் உண்டு. அதனால் இறுதிக் கையெழுத்து மனிதருடையதாக இருப்பதே நல்லது.

கேள்வி: மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஃபிலிமைக் கொண்டுபோயும் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். காசு பிடுங்கவா?

எல்லா நேரமும் அப்படியில்லை. ஒரு தலை சி.டி.யில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும்; ஃபிலிமில் அச்சாவது சிலதான். மூளைக்கென்று அச்சடித்த படத்தில் மயிரிழை எலும்பு முறிவு தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபோட்டோ இன்னும் மோசம். சில நோயாளிகளுக்கு வழியில் நிலைமை மாறியிருக்கும், அப்போது புதிதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நிலைமை மாறாதபோதும் படம் கைக்கு வராததால் திரும்ப எடுப்பது நிறைய நடக்கிறது. பணமும் நேரமும் வீண். அதனால் கிளம்பும்போது ஃபிலிமோடு நிற்காமல், முழுப் படங்களும் உள்ள டிஸ்க்கையோ ஆன்லைன் லிங்க்கையோ ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் தயாராக ஐந்து, பத்து நிமிடம் ஆகும். ஆம்புலன்ஸில் ஏற்றும் வேலை நடக்கும்போதே ஒருவரை கவுண்டருக்கு அனுப்பிவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று டிஸ்க் உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.