பின்னால் சுற்றுவது காதலா? மகளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் மூன்று மணி நேரம் தொடர்களும் படங்களும் பார்க்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் தன் தோழியின் பின்னாலேயே வரும் பையனைப் பற்றி, "இவ்வளவு நாளாகச் சுற்றுகிறான், உண்மையான காதல்தான்" என்கிறாள். கேபிளைத் துண்டித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். துண்டித்தால் அதே காட்சியை வேறொருவரின் கைப்பேசியில் பார்ப்பாள். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

பாலியல் காட்சிகளை மிகுதியாகப் பார்க்கும் பிள்ளைகள் விரைவில் உடலுறவில் ஈடுபடுகிறார்கள் என்று 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டிப் பெற்றோரை அச்சுறுத்துவோர், அதே தரவுகளில் ஒத்த பின்னணியுள்ள பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டு 2011-இல் மறுபடி ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை என்பதைச் சொல்வதே இல்லை. உங்கள் மகளின் சிக்கல் முத்தக் காட்சி அன்று. நாயகன் துரத்துவான், நாயகி திட்டுவாள், ஒரு பாட்டு முடிவதற்குள் மனம் மாறிவிடுவாள் என்ற கதைப் பழக்கத்தை அவள் பேருந்து நிறுத்தத்துக்கும் பொருத்திப் பார்க்கிறாள். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013 முதல் இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம் என்பதை எந்தப் பாட்டும் சொல்வதில்லை.

அத்தகைய காட்சி வரும்போது, "அந்தப் பெண்ணின் முகத்தைப் பார், அவளுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு மேல் உபதேசம் வேண்டாம். ஆணுறை தவறிக் கருவுற்றதாகக் கதை வந்த அமெரிக்கத் தொடர் ஒன்றைப் பற்றிய 2003-ஆம் ஆண்டு ஆய்வில், அதைப் பெரியவரோடு பார்த்த அல்லது பேசிய பிள்ளைகள் ஆணுறையின் பயன் குறித்த தகவலை நினைவில் வைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இதைச் செய்ய வேண்டிய பள்ளியோ இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுகிறது. உடல் மாற்றங்கள், பாலியல் பற்றிப் பள்ளியில் கற்பிப்பதற்கான வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பல மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் நிறுத்தியே வைத்தன.

'டிவி அடிமை மீட்பு' என்று பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு தாய், 'மூளை அலைப் படம்' என்ற பெயரில் வண்ண வண்ணமாய் அச்சிட்ட தாளையும் ரசீதையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். அந்தப் பிள்ளையிடம் அதுவரை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பொறுமையோடு கவனிக்க வேண்டும். பின்தொடர்பவன் உடன்படிக்கும் சிறுவனா, வேலைக்குப் போகும் ஆளா, தோழியின் படம் ஏதேனும் அவனிடம் இருக்கிறதா, அவள் வழியை மாற்றிக்கொண்டு நடக்கிறாளா என்று மகளிடம் கேளுங்கள். ஆள் பெரியவன் என்றாலோ, மிரட்டல் இருக்கிறது என்றாலோ, இது தொலைக்காட்சி பற்றிய பேச்சே அன்று. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். சிறுவனே ஆனாலும் தோழியின் தாய்க்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் சொல்லப்போவதாக முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துச் சொன்னால் அடுத்த முறை அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.