புயலுக்கு முந்தின வருடம் போன தம்பி

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 77 வயது. அவருடைய தம்பி ஒன்பது வயதில், விறகு வெட்டப் போனவர்களோடு மண்டபத்திலிருந்து வத்தை என்ற படகில் தீவுக்குப் போனபோது, வத்தை கவிழ்ந்து கடலோடு போய்விட்டார். பெரியவர்கள் இருவரின் உடல் கரை ஒதுங்கியது. தம்பி கிடைக்கவே இல்லை. உறவில் எல்லோரும் அவரைப் ‘புயலில் போனவர்’ என்கிறார்கள். அப்பத்தா மட்டும், ‘பாலம் உடைவதற்கு முந்தின வருடம்’ என்கிறார். திதி கொடுக்க அந்த நாளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார். பழைய துக்கத்தைக் கிளறாதே என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?

பதில்: தேடுங்கள். கேட்டிருப்பவர் கூடப் பிறந்த அக்கா. அந்தத் துக்கத்தைக் கிளறுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை முதலில் அவருக்கே உண்டு. அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆனால் அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் தள்ளி, பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அத்தனை பேரைப் பறிகொடுத்த கரையில், அதற்கு முந்தின வருடம் போன ஒரு சிறுவனின் சாவும் புயல் கணக்கிலேயே சேர்ந்துபோனதில் வியப்பில்லை. உங்கள் அப்பத்தா அறுபது வருடங்களாக அதை ஏற்காமல், தம்பியின் சாவைத் தனியாகவே நினைவில் வைத்திருக்கிறார். அவர் சொல்வதை நம்பி 1963-லிருந்து தொடங்குங்கள்.

தேதியைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம், காற்றைக் கேளுங்கள். மண்டபத்துக்கு அருகிலுள்ள முயல் தீவும் மனோலித் தீவும் மன்னார் வளைகுடாவில் இருக்கின்றன. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். அன்று எந்தக் காற்று வீசியது, வத்தை கவிழ்ந்தது போகும்போதா, விறகேற்றித் திரும்பும்போதா, பள்ளிக்கூடம் நடந்த நாளா, விடுமுறையா, வீட்டில் என்ன பண்டிகை வரவிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மாதம் பிடிபடும். (பாரம் கூடினால் அமைதியான கடலிலும் வத்தை கவிழும் என்பதால், காற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.) ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடாமல், அவர் தானாகப் பேசும் மாலை வேளைகளில் கேளுங்கள்.

அடுத்து, தம்பியின் பெயரைத் தேடுவதற்கு முன் உடல் கிடைத்த அந்த இரண்டு பெரியவர்களின் பெயரைத் தேடுங்கள். உடல் கிடைக்காத குழந்தையின் சாவு பதிவாகாமலே போயிருக்கலாம். அவர்களுடையது பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அன்று பிறப்பு இறப்பைப் பதிந்தவர் கிராம முன்சீப். அந்தப் பழைய பதிவேடுகள் இப்போது எங்கே உள்ளன என்று தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அப்போது ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்ததால், அங்கேயும் கேட்க வேண்டி வரலாம். தேதி கிடைத்துவிட்டால், அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைப் புரோகிதர் சொல்லிவிடுவார்.

கிடைக்காமலும் போகலாம். அதை அப்பத்தாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்; நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேதுக்கரையோ அக்னி தீர்த்தமோ, அவர் விரும்பும் கரைக்கு அழைத்துப் போங்கள். அவர் மனம் ஆற வேண்டும் என்பதற்காக ஒரு தேதியை நீங்களாக இட்டுக்கட்டிச் சொல்லிவிட மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, அந்தச் சிறுவன் படித்த பள்ளிக்கூடம் இன்றும் இருந்தால் அதன் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அவனுடைய பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கும். பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்பட்ட நாளும் இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகும்போது அப்பத்தாவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.